இடக்காலுக்கு ஒரு பாடம்: நோயாளியின் வீட்டிலிருந்து வண்டி ஓட்டக் கற்போருக்கு

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோரை, அவர்கள் வந்து இறங்கும் வண்டியின் ஓசையைக் கொண்டே எங்கள் வாயிற்பணியாளர்கள் அடையாளம் கண்டுவிடுவர். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்பது இச்சிகிச்சையின் வழக்கமான ஒழுங்கு. ஆண்டொன்றுக்கு 156 வருகைகள். போக்கும் வரவுமாக 312 பயணங்கள். சிகிச்சையைக் குறித்து நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளை விட, இந்த 312 பயணங்களைக் குறித்து அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளே மிகுதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் தம் சிறிய காரைத் தாமே ஓட்டிக்கொண்டு சிகிச்சைக்கு வந்து போவார். ஒரு நாள் மாலை, சிகிச்சை முடிந்து திரும்பும்போது தச்சூர் கூட்டுச்சாலையை நெருங்குகையில் அவருக்குக் கண் இருண்டது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். டயாலிசிஸ் முடிந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்வதும் தலைசுற்றல் வருவதும் பலருக்கு நேர்வன. சிகிச்சை நாளில் இனி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். வாடகை வண்டிக்கு மாதந்தோறும் ஆகும் செலவைக் கணக்கிட்டபோது, அது வீட்டு வாடகையைத் தாண்டியது. அடுத்த வாரம் அவருடைய மனைவி என்னிடம் வந்து கேட்டார்: “எனக்கு நாப்பத்தாறு வயசாகுது சார். சைக்கிளைத் தவிர வேற எதுவும் ஓட்டுனதில்ல. இப்போ கார் கத்துக்க முடியுமா?”

முடியும் என்றேன். முழங்காலும் கணுக்காலும் சரியாக இயங்குகின்றனவா, கண்பார்வை எப்படி என்று பார்த்துவிட்டே சொன்னேன். பின்வரும் குறிப்புகளிற் பெரும்பகுதி, அந்த அம்மையார் கற்றுக்கொண்ட ஐந்து மாதங்களில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் நாங்கள் அவரிடமிருந்து தெரிந்துகொண்டவை.

முதலில் சட்டம் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும். நாற்பது வயதைக் கடந்தவர் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1-அ தர வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பில் ‘எல்’ என்ற எழுத்து இருக்க வேண்டும். அவ்வகை வண்டியை ஓட்டுவதற்குச் செல்லத்தக்க உரிமம் பெற்ற ஒருவர், தேவையானால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் நிலையில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை. சிகிச்சை முடித்துக் களைத்துச் சாய்ந்திருக்கும் கணவரிடம் உரிமம் இருக்கலாம். ஆனால் கைப்பிரேக்கை இழுக்க வேண்டிய கணத்தில் அவர் கண்மூடிக் கிடந்தால் அந்த உரிமத்தால் யாருக்கும் பயனில்லை. ஆகவே, சிகிச்சை நாளும் பயிற்சி நாளும் ஒன்றாக இருத்தல் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

அம்மையார் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இருபது நாள் வகுப்பு. வண்டி நன்றாகவே ஓடியது. ஒருமுறை கூட நின்று போகவில்லை. இருபத்தொன்றாம் நாள் சொந்தக் காரில் அமர்ந்தபோது, வீட்டு வாசலிலேயே ஏழு முறை இன்ஜின் அணைந்தது. அழுதுவிட்டார். காரணம் எளியது: பள்ளி வண்டியில் ஆசிரியர் பக்கமும் கிளட்ச், பிரேக் மிதிகள் உண்டு. இருபது நாளும் கிளட்சை மிதித்தது ஆசிரியரின் கால். அம்மையார் கற்றது திசைதிருப்பியைப் பிடிக்க மட்டுமே. பயிற்சிக்குச் செல்லும் யாவரும் முதல் நாளே ஆசிரியரிடம், “உங்கள் காலை மிதியிலிருந்து எடுத்துவிடுங்கள், வண்டி நின்றால் நிற்கட்டும்” என்று கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஜின் அணைவது தவறன்று. அதுவே பாடத்தின் முதற்பக்கம்.

கிளட்ச் என்ன செய்கிறது என்பதை அறிந்துவிட்டால் பாதி அச்சம் நீங்கும். இன்ஜின் எப்பொழுதும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சிறிய பெட்ரோல் காரில், சும்மா நிற்கும்போதுகூட நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் திடீரென இணைத்தால், நிற்பது சுழல்வதையும் நிறுத்திவிடும். கிளட்ச் என்பது இவ்விரண்டையும் உராய்வின் மூலம் சிறிது சிறிதாக இணைக்கும் தட்டு. மிதியை முழுவதும் அழுத்தினால் இணைப்பு அறுகிறது. மெல்ல விடுகையில் ஓரிடத்தில் தட்டுகள் ஒன்றையொன்று பற்றத் தொடங்குகின்றன. அவ்விடத்தில் இன்ஜின் ஓசை சற்றே தாழும், வண்டியின் மூக்கு இலேசாக எழும்பும், உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரியும். கிணற்றுக்குள் குடத்தை இறக்கும்போது, அது நீர்மட்டத்தைத் தொடும் கணத்தில் கை தானாகவே கயிற்றில் நிதானிக்கிறது அல்லவா? கால் அங்கே அவ்வாறு நிதானிக்க வேண்டும். ஓரிரு நொடி நின்று, வண்டி நகரத் தொடங்கிய பின்னரே மிச்சத்தை விட வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஆளரவமற்ற சமதரையில், முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே, கிளட்சை மட்டும் கொண்டு வண்டியை ஆமை நடையில் நகர்த்திப் பின் நிறுத்துதல். இப்படி ஐம்பது முறை செய்யுங்கள். அம்மையார் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சிப்காட்டின் உட்சாலை ஒன்றில் இதைச் செய்தார். ஓரத்தில் வரிசையாக நின்ற லாரிகளின் ஓட்டுநர்கள் தேநீர்க் குவளையோடு வேடிக்கை பார்த்தனராம். மூன்றாம் ஞாயிறு அவர்களில் ஒருவர், “செருப்பக் கழட்டிட்டுப் பாருங்கம்மா” என்றாராம். பொருளுள்ள அறிவுரைதான், ஆயினும் முழுச்சரியன்று. தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு உள்ளங்காலின் உணர்வை மறைக்கும். மிதியடியில் சிக்கவும் கூடும். மெல்லிய அடிப்பாகமும் பின்பட்டையும் உள்ள காலணியே ஏற்றது.

இருக்கையையும் சரிசெய்துகொள்ள வேண்டும். கிளட்சைத் தரைவரை அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருத்தல் வேண்டும். கால் முற்றும் நீண்டுவிட்டால் இடுப்பு நகர்கிறது. இடுப்பு நகர்ந்தால் நிதானம் போய்விடும். மாலையில் முதுகுவலி என்று எங்களிடம் வரும் புதிய ஓட்டுநர் பலரின் வலிக்குக் காரணம் இருக்கையின் தூரமே.

இனி கியர். தாழ்ந்த கியர் வலிமை தரும், வேகம் தராது. உயர்ந்த கியர் வேகம் தரும், வலிமை தராது. சிறிய பெட்ரோல் கார்களில், சமதரையில், முதல் கியர் நகர்த்துவதற்கு மட்டும். மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டரில் இரண்டாவது. 25 முதல் 30-இல் மூன்றாவது. 40 முதல் 45-இல் நான்காவது. 60-ஐ ஒட்டி ஐந்தாவது என்பது தொடக்கத்துக்குப் போதுமான கணக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும். வேகமானியைக் குனிந்து பார்த்து மாற்றுவதை விடக் காதால் மாற்றப் பழகுதல் நன்று. இன்ஜின் கீச்சிட்டுக் கதறினால் மேல் கியர் கேட்கிறது. முக்கித் திணறி உடல் குலுங்கினால் கீழ் கியர் கேட்கிறது. மாற்றும் ஒழுங்கு எப்போதும் ஒன்றே: ஆக்ஸிலேட்டரிலிருந்து வலக்கால் எழுகிறது, கிளட்ச் தரைக்குப் போகிறது, கை கியரை நகர்த்துகிறது, கிளட்ச் மெல்ல எழுகிறது, வலக்கால் திரும்புகிறது. கியர்க்கோலை முறைக்கவும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். உள்ளங்கையால் தள்ளினாலே அது தன் இடத்துக்குப் போகும்.

இன்றைய கார்களில் அது அவ்வளவு இணக்கமாகப் போவதற்குக் காரணமான பற்சக்கர ஒத்திசைவு அமைப்பு 1928-இல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. அதற்கு முன்னும், பழைய லாரிகளில் அதற்கு நெடுநாள் பின்னும், ஒரு கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். ‘டபுள் கிளட்ச்’ என்று நம் முதிய ஓட்டுநர்கள் சொல்வது அதைத்தான். அவர்களிடம் கற்றவர்கள் இன்றும் தேவையின்றி இருமுறை மிதிப்பதைப் பார்க்கலாம். காலுக்கென்று ஒரு நினைவு உண்டு. திருவொற்றியூரில் 1956 முதல் உருவான புல்லட்டில் நெடுங்காலம் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. பின்னாளில் அவை இடம் மாறியபோது, பழகிய பலரின் கால்கள் பிரேக் என்றெண்ணிக் கியரை மிதித்தன. பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் ஓட்ட வருவோரிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. நெருக்கடியில் கால் செய்வது அறிவு சொன்னதையன்று, பழகியதை.

வேகத்தைக் கூட்டுவதை விடக் குறைப்பதே கற்பவருக்குக் கடினம். அம்மையாரும் அங்கேதான் தடுமாறினார். எதிரே எதைக் கண்டாலும் முதலில் கிளட்சை மிதித்துவிடுவார். கிளட்சை மிதித்த வண்டி, இன்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்போக்கில் உருள்கிறது. முதலில் பிரேக், வேகம் நன்கு தாழ்ந்து இன்ஜின் திணறப் போகும் நேரத்திலேயே கிளட்ச், பிறகு அந்த வேகத்துக்குரிய கியர். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி நியூட்ரலில் உருட்டுவோர் உண்டு. கியரில் இருக்கும் இன்ஜின் தானே ஒரு பிரேக்காக உதவுகிறது. அதைத் துறந்துவிட்டு மிதிப்பிரேக்கை மட்டும் நம்புவது சிக்கனமாகாது.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். உலர்ந்த தார்ச்சாலையில், ஓட்டுநர் ஒரு நொடியில் விழித்துக்கொள்கிறார் என்று கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர் ஆகும். 60-இல் சுமார் 37. 80-இல் சுமார் 57. வேகம் இரட்டித்தால் தூரம் ஏறத்தாழ மும்மடங்காகிறது. மழை பெய்தால் இன்னும் மிகும். முன்செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பின் நாம் அதைக் கடக்கக் குறைந்தது மூன்று நொடியாவது ஆக வேண்டும். இதற்கு அளவுகோல் தேவையில்லை, வாயால் எண்ணினாலே போதும்.

நம் பகுதிச் சாலைகள் இந்தப் பாடத்தை எளிதாக்குவன அல்ல. ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, தச்சூர், ஜனப்பன்சத்திரம், காரனோடை என்று இறங்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையில், இரும்பு ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும் ஆலைப் பேருந்துகளும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் ஒருங்கே உண்டு. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை, நடுத்தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 100, சரக்கு வாகனத்துக்கு 80 என்று வகுத்தது. நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 என்று வகுத்திருந்தது. ஆங்காங்கே பலகையில் குறைவான எண் இருந்தால் அதுவே செல்லும். இவை உச்சவரம்புகள் மட்டுமே. இவ்வளவு வேகத்தில் போயாக வேண்டும் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஷிப்டு மாறும் வேளைகளில் சிப்காட் வாயில்களை அண்டிய சாலைகளில் மூன்றாவது கியருக்கே வேலையிராது. அவ்வேளைகளைத் தவிர்த்துச் சிகிச்சை நேரத்தை அமைத்துத் தர இயலுமா என்று எங்கள் டயாலிசிஸ் பிரிவில் தயங்காமல் கேளுங்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்குகையில் கவனம் வேண்டும். 80-க்குப் பழகிவிட்ட கண்ணுக்கு 50 என்பது நின்றுவிட்டதுபோல் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் கண்ணையோ காதையோ நம்பாமல் வேகமானியைப் பார்த்துவிடுங்கள். இறங்கும் முன்னரே மூன்றாவது கியருக்கு வந்துவிடுவது நல்லது.

திருவள்ளூர் நகருக்குள் சிக்கல் வேறு. அமாவாசை நாளில் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நூறு முறை நின்று நூறு முறை நகரும். மேம்பால ஏற்றத்திலும் அவ்வாறே. ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னோக்கி உருளாமல் கிளப்புவதற்குக் கைப்பிரேக் முறை உண்டு: கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியரில், கிளட்ச் பற்றும் இடம் வரும் வரை விட்டு, சிறிது ஆக்ஸிலேட்டர் கொடுத்து, வண்டியின் பின்புறம் தாழ்வதை உணர்ந்த பிறகு கைப்பிரேக்கை விடுவித்தல். அரைக் கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிற்பது வீரமாகத் தோன்றலாம். தட்டு தேய்ந்து கருகும் வாடையோடு அந்த வீரம் முடியும்.

இத்தனை நேரம் ஓட்டுபவரைப் பற்றிச் சொன்னேன். அருகில் அமர்ந்திருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு கியர் மாற்றமும் உடலில் தெரியும். வயிற்று அறுவை நடந்தவர், நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்குக் கிளட்சைச் சட்டென விடும் ஒரு குலுக்கல் தையலில் வலிக்கும். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையே சிறிய தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம்; வலிக்கிறது என்று பெல்ட்டைத் தவிர்த்தல் கூடாது. டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா உள்ள கையின்மீது பெல்ட் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி உணர்வு உள்ளவரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள்.

நோயாளியே ஓட்ட விரும்பினால்? நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் கியர் இடக்கைக்கு, கிளட்ச் இடக்காலுக்கு. எனவே இடப்பக்கம் பலவீனமானவருக்கு இவ்விரண்டும் ஒருங்கே கைநழுவுகின்றன. அது கூடப் பெரிதன்று; கிளட்ச் மிதியே இல்லாத கார்கள் இன்று உள்ளன. 2014-இல் மாருதி செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. முறை, சிறிய கார்களுக்கும் அவ்வசதியைக் கொண்டுவந்தது. பெரிய ஆபத்து வேறொன்று: மூளையின் வலப்புறம் தாக்கப்பட்டோர் சிலருக்கு, கண் நன்றாக இருந்தும், இடப்பக்கத்து உலகம் கவனத்தில் படுவதேயில்லை. தட்டில் இடப்பாதி உணவு மிஞ்சும். தமக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர்கள் உறுதியாகச் சொல்வர். இடப்புறம் முந்திவரும் இருசக்கர வண்டி அவர்களுக்கு இல்லாத வண்டி. இதைக் கியர் இல்லாத காரால் சரிசெய்ய இயலாது. பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்பது விதி. நாங்கள் நாள்கணக்கோடு நில்லாமல் சோதித்துப் பார்த்தே சொல்கிறோம்.

நீரிழிவு நெடுநாள் உள்ளோரின் உள்ளங்கால் மரத்துப்போவது பலர் அறிந்ததே. ஆனால் கிளட்ச் பற்றும் இடத்தை அறிவதும், பிரேக்கில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறிவதும் அதே உள்ளங்கால்தான் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. வண்டி அண்மைக்காலமாக அடிக்கடி நின்று போகிறது, கிளட்ச் பழுதோ என்று ஒருவர் மெக்கானிக்கிடம் இருமுறை போய்வந்தார். பழுது காலில் இருந்தது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிட வேலை. இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்குப் பிரிட்டன் வகுத்துள்ள வழிமுறை நமக்கும் உதவும்: புறப்படும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைச் சோதித்தல், நெடும்பயணத்தில் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் சோதித்தல், 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டபின் புறப்படுதல், தாழ்சர்க்கரை வந்துவிட்டால் அளவு சரியான பின்னும் 45 நிமிடம் காத்திருத்தல்.

பழகுநர் உரிமத்துக்கான படிவம் 1, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல், கைகால்களின் வலுக்குறைவு, மாலைக்கண் ஆகியவை உண்டா என்று உங்களையே கேட்கிறது. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள கார் எண்பலகையைப் படிக்க இயலுமா என்றும் கேட்கிறது. பலர் இதைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றோ ‘ஆம்’ என்றோ எழுதிக் கையொப்பமிடுகின்றனர். அதை வீட்டில் உரக்கப் படித்து, விடையை மனைவியோ மகனோ சொல்லட்டும்.

நாற்பத்தாறு வயதில் எப்படி என்று தயங்குவோருக்கு இரு பெயர்களைச் சொல்லலாம். 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த வசந்தகுமாரி. 2020-இல் தமிழகத்தின் 108 ஆம்புலன்ஸ் சேவையில் ஓட்டுநராகச் சேர்ந்த வீரலட்சுமி. இவர்கள் பெயரை அம்மையாரிடம் சொன்னபோது, “அவங்களுக்கெல்லாம் பக்கத்துல வீட்டுக்காரர் உக்காந்திருக்கல இல்ல” என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. முப்பது ஆண்டு ஓட்டிய கணவர் அருகிருந்து “கியர மாத்து, கியர மாத்து” என்று ஓயாமல் சொன்னதில் அவர் கை நடுங்கியது. ஒரு நாள் அவரைப் பின்னிருக்கைக்கு அனுப்பிவிட்டு, உரிமம் உள்ள தம் தம்பியை அருகில் அமர்த்திக்கொண்டார். அன்றுதான் காரனோடைப் பாலத்தை ஒருமுறையும் இன்ஜின் அணையாமல் கடந்தாராம்.

ஓட்டுநர் தேர்வில் முதல் முறை ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருண்டதால் தவறினார். இரண்டாம் முறை தேறினார். இப்பொழுது வாரத்தில் இரண்டு பகல்நேரச் சிகிச்சைகளுக்கு அவரே ஓட்டி வருகிறார். மூன்றாம் சிகிச்சை முடிய இரவாகிவிடும். எதிர்வரும் லாரிகளின் வெளிச்சத்தில் தமக்கு இன்னும் கண் கூசுவதாகச் சொல்லி, அன்று மட்டும் வாடகை வண்டி வைத்துக்கொள்கிறார். கண் மருத்துவரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறார்.